ரோட்டிலேயே நின்ற கால்கள்

போன ஐப்பசியில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் வயலில் நடவின்போது நடந்தது இது. எனக்கு இரண்டு முழங்கால்களும் மாற்றி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. வலி சுத்தமாகப் போய்விட்டது. ஒவ்வொரு முறை எக்ஸ்ரே பார்க்கும்போதும் டாக்டரின் முகம் மலர்ந்துவிடும். மாடிப்படி ஏறுவேன், சந்தைக்குப் போவேன். வயலில் மட்டும் கால் வைத்ததில்லை.

பயம்தான், வேறென்ன! வழுக்கி விழுந்தால் உள்ளே வைத்தது என்னாகுமோ என்று. அதை வெளியே சொல்ல ரோஷம். வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சோறு போடும் வயலில் செருப்போடு இறங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நல்ல சாக்காகக் கிடைத்தது. ஆனால் கனவில் மட்டும் வரப்பில் நடந்துகொண்டே இருப்பேன். அந்த வரப்பு முடியவே முடியாது.

அன்று காலை பனி மூடி, வயல் எது வானம் எது என்று தெரியவில்லை. தேங்கிய தண்ணீரில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. நான் வழக்கம்போல ரோட்டில் நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன். நடவுக்கு வரும் பெண் ஒருவர் காலைத் தாங்கித் தாங்கி மேலேறி வந்தார். மூன்று வருடமாக வருகிறவர். "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் நான் அவரிடம் பேசியதில்லை.

"ஏனுங்க்கா, ஆப்பரேசன் பண்ணியும் உங்களுக்கு வயல்ல எறங்க முடியலீங்களே. எனக்கும் மாத்தோணும்னு தேதி குடுத்தாங்க. உங்களப் பாத்துட்டுத்தான் வேண்டாம்னுட்டனுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வலியே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

"அப்பறம் ஏனுங்க்கா ரோட்டுலயே நிக்கறீங்க?"

செருப்பைக் கழற்றி, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன். ஈரமண்ணின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. கனவில் நடக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. பாதி வழியில் அவர் தோளை விட்டேன். மோட்டார் ரூம் வரை தனியாகப் போய்த் திரும்பினேன். அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை. அவர் குனிந்து, என் முழங்கால் தழும்பை ஒரு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

தை மாதம் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது கம்பு ஊன்றாமல் பஸ் ஏறுகிறார்.

என்னைப் பார்த்து ஒருத்தி தன் கால் குணமாகும் வழியையே அடைத்துக்கொள்ள இருந்தாள் என்ற நினைப்பு, இன்றும் வரப்பில் இறங்கும்போதெல்லாம் என்னை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.