டெரியின் பாட்டு முடிந்த பிறகு

மெல்பர்னில் என் அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பவள் ஒரு கிரேக்க வம்சத்துப் பெண். அவள் தம்பி பழைய ஆஸ்திரேலிய ராக் இசைத்தட்டுகளைத் தேடி அலைகிறவன். யாரோ அவனுக்குச் சொன்னதை அவன் அவளுக்குச் சொல்ல, 2003-இல் ஒரு காப்பி இடைவேளையில் அவள் எனக்குச் சொன்னாள். டின் வெராண்டா என்று ஒரு பாட்டுக் குழு இருந்ததாம். அடிலெய்டுக்காரர்கள். ஒரே ஒரு தட்டுப் போட்டார்கள், விற்கவில்லை, கலைந்துபோனார்கள். அதன் பாடகன் டெரி அதற்குப் பிறகு பாடிய ஒரே பாட்டு ஆஸ்திரேலியாவில் எவரிடமும் இல்லை. இந்தியாவில், திருவனந்தபுரம் பக்கத்தில், கடற்கரையில் வாழும் ஒரு கோடீஸ்வரன் அதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். எவ்வளவு கொடுத்தாலும் தரமாட்டானாம்.

"உன் ஊர்தானே? அந்த ஆளைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

கோவளத்தில் அப்படி வெள்ளைக்காரப் பாட்டுகளை வைத்திருந்த ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். ஞானையன் அண்ணாச்சி. அவரைக் கோடீஸ்வரனாக நினைத்துப் பார்த்ததில் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணாச்சி குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரர். கோவளத்தில் ஹோட்டலில் எச்சில் தட்டு எடுக்க வந்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போன டேப் டெக்கை வைத்துக்கொண்டு, கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் ஓலைச் சாய்ப்பில் ஒரு ரெக்கார்டிங் கடை போட்டார். படிக்கிற காலத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து பஸ் ஏறி, வீட்டுக்குத் தெரியாமல் நான் அங்கே போய்க் காஸெட் நிறைத்துக்கொண்டு வருவேன். பயணிகள் தாங்கள் கொண்டுவந்த காஸெட்டைக் கொடுத்தால் அதில் ஒரு பிரதி கடைக்கு எடுத்துக்கொள்வார். அலைச்சறுக்கு விளையாட வந்த ஆஸ்திரேலியப் பையன்கள் மூலம், அவர்கள் ஊரிலேயே மறந்துபோன குழுக்களெல்லாம் அவர் அலமாரியில் வந்து சேர்ந்தன. பாடியவர் பெயர் அவருக்குத் தெரியாது. கொடுத்தவரை வைத்துத் தமிழில் எழுதி ஒட்டுவார்: 'குடுமிக்காரன்', 'பல்டாக்டர்', 'காலொடிஞ்சவன் 2'. பெயர் எழுதாதது காலிக் காஸெட். அதில் எதையும் பதியலாம். கடையின் சட்டம் அது ஒன்றுதான்.

அவருடைய கைக்கு ஒரு பேர் இருந்தது. பிரதி எடுக்கையில், பாட்டு முடிகிற நொடியில் கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானில் இறங்கிவிடும். கைதட்டல், பேச்சு, இருமல் எதுவும் இராது. மற்ற கடைகளில் பத்துப் பாட்டு ஏறும் காஸெட்டில் அண்ணாச்சி பதினொன்று ஏற்றிவிடுவார். "வெறும் நாடா ஓடப்பிடாது, கேட்டியா? சனம் பாட்டுக்காக்கும் வருது" என்பார்.

அந்த டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கோவளம் போனேன். ரெக்கார்டிங் கடை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அதே இடத்தில் கூலிங் கிளாஸும் தொப்பியும் தொங்கின. அண்ணாச்சியும் அவர் மனைவி தாசம்மாளும் உள்ளே பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, ஆஸ்திரேலியா முழுக்க உங்க பேச்சுதான். நீங்க கோடீஸ்வரனாமே. பாட்டை இரும்புப் பெட்டியில பூட்டி வச்சிருக்கீங்களாம்."

"இரும்புப் பெட்டியா?" என்றாள் தாசம்மாள். "இங்க ஒரு எவர்சில்வர் டப்பா உண்டு மக்களே, அதுக்கும் மூடி இல்ல. கோடீஸ்வரனுக்கு இன்னொரு சாயா வேணுமான்னு கேளு."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "எந்தப் பாட்டு?"

"டெரின்னு ஒருத்தர் பாடினதாம்."

தாசம்மாளின் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது.

"அவன் இருக்கானா? எங்க இருக்கான்? நீ கண்டியா?" என்று எழுந்தே விட்டார் அண்ணாச்சி.

பிறகு அவர்தான் சொன்னார். 1994 மழைக்காலம். கரையில் ஆளில்லாத நேரத்தில் டெரி வந்து கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கினார். குழு கலைந்த துக்கத்தில் இருந்தவர். ஒருநாள் மைக்கை வைத்து, கிதாரோடு ஒரு பாட்டுப் பாடிப் பதிந்தார். அண்ணாச்சியின் ஒரே மகள் ஜெஸ்லின், ஐந்து வயது, முக்காலியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் போட்டால் மிட்டாய் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். பாட்டு முடிந்த உடனே, "தீந்துதா மாமா? இனி நான் பாடட்டா?" என்று கேட்டாள். டெரிக்கு மொழி புரியவில்லை. ஆனால் மைக்கை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார். அவள் பாடினாள். டேப் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"ஆட்டுக்குட்டிப் பாட்டு. சண்டே ஸ்கூல்ல படிச்சது" என்றாள் தாசம்மாள்.

"இல்ல, மழைப் பாட்டு. மலையாளத்துல. பள்ளிக்கூடத்துல டீச்சர் படிப்பிச்சது."

"நீங்க கண்டிய! தமிழ்லதான் பாடினா. நான் வாசல்ல நின்னேன்."

"நான் அவ பக்கத்துல இருந்தேம்ளா!"

மூன்று வருடம் கழித்து மஞ்சள்காமாலையில் ஜெஸ்லின் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கலைந்த பிறகு அண்ணாச்சி கடைக்கு ஓடிப்போய், டெரியின் பாட்டைப் பிரதி எடுத்து வைத்திருந்த காஸெட்டைப் போட்டிருக்கிறார். பாட்டு வந்தது. முடிந்தது. டக். அடுத்து யாரோ ஒரு பல்டாக்டரின் பாட்டு. விற்ற பிரதிகளைத் தேடி வீடு வீடாக, ஹோட்டல் ஹோட்டலாகப் போய்க் கேட்டார். எல்லாவற்றிலும் அதே டக். எல்லாம் அவர் கையால் எடுத்தவைதானே.

"காஸெட்டு நெறயணும், காஸெட்டு நெறயணும்" என்றாள் தாசம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. "நல்லா நெறஞ்சுது."

"ஒரிஜினல நான் அவன் கையில குடுத்தேன் தாசம்மா. நல்லா ஓர்மை உண்டு. பேரும் எழுதி ஒட்டியாக்கும் குடுத்தது. அதுல வெட்டு கெடையாது." என்னிடம் திரும்பினார். "மக்கா, ஆஸ்திரேலியா ரொம்பப் பெரிய நாடா?"

"பெரிசுதான் அண்ணாச்சி."

"ஒரு ஆளக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கா?"

ஜெஸ்லினின் புகைப்படங்கள் அவர்களிடம் இருந்தன, முதல் பிறந்தநாளிலிருந்து. குரல்தான் இல்லை. "முகம் ஞாபகம் இருக்கு மக்களே, சத்தம் மறந்து வருது" என்று தாசம்மாள் சொன்னபோது அண்ணாச்சி வெளியே போய்த் தொப்பிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

மெல்பர்ன் திரும்பியதும் அடுத்த மேசைக்காரியின் தம்பிக்காரனைப் போய்ப் பார்த்தேன். கோடீஸ்வரனிடம் இருப்பது வெறும் பிரதி, மூலம் டெரியிடம் இருக்கிறது என்றேன். அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. பழைய தட்டு விற்கும் கடைகள், மதுக்கூடங்களில் வாசித்த கிழட்டு டிரம்மர்கள், அவர்களுடைய முன்னாள் மனைவிகள் என்று எல்லாரையும் கேட்டான். கடைசியில் பேலராட் என்ற ஊரில் டெரியின் அக்கா மேரியன் கிடைத்தாள். டெரி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காஸெட்டுகள் கராஜில் ஒரு பெட்டியில் இருப்பதாகச் சொன்னாள்.

அந்தச் செய்தியை மட்டும் நான் கோவளத்துக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. எடுத்த அண்ணாச்சி ரிசீவரை அப்படியே மனைவியிடம் நீட்டிவிட்டார். தாசம்மாள்தான் வாங்கிப் பேசினாள். "ஞாயித்துக்கெழம கேக்கப் போறியளா? அப்ப மத்தியானம் விளிங்க. சர்ச்சு விட்டு வந்து இங்கதான் இருப்போம். ஃபோனுலயே கேப்பிச்சிரணும், என்ன?"

நேற்று சனிக்கிழமையே போய்விட்டோம், எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியில் ஒரே ஒரு காஸெட்டில்தான் மேரியனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து இருந்தது. என்னிடம் நீட்டினாள். அண்ணாச்சியின் சாய்ந்த கையெழுத்து: 'டெரி. ஒரிஜினல்.' சமையலறையில் மேரியனின் பழைய டேப்பில் போட்டோம். தம்பிக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். நல்ல பாட்டுதான், ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. அது முடிவதற்காகக் காத்திருந்தேன். கடைசிக் கம்பி அதிர்ந்து அடங்கியது.

டக்.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டோம். மறுபக்கம் கேட்டோம். வெறும் நாடா இரைந்தது. தம்பிக்காரன் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, இதைவிடச் சுத்தமான பதிவு உலகத்தில் இல்லை என்றான்.

டெரி கிளம்பிய அன்று கடை மேசையில் ஒரே மாதிரிக் காஸெட்டுகள் கிடந்திருக்கும். அண்ணாச்சி பெயர் எழுதி ஒட்டியது பிரதியின் மேல். மூலம் பெயரில்லாமல் கிடந்திருக்கும். பெயரில்லாததற்கு அந்தக் கடையில் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். யாரோ ஒருவருக்கு, வெறும் நாடா ஓடாமல், அவரே நன்றாக நிறைத்துக் கொடுத்திருப்பார்.

இன்று ஞாயிறு. இங்கே சாயந்தரம், அங்கே மத்தியானம். பெட்டி கிடைக்கவில்லை என்று சொல்லலாம். கராஜில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொல்லலாம். டெரியே அந்தப் பகுதியை அழித்துவிட்டார் என்று சொல்லலாம், பழி போனால் அவருக்கு இனி என்ன நஷ்டம். காலையிலிருந்து மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன், மலையாளத்தில் சொல்லிப் பார்த்தேன். தாசம்மாள் முதலில் எடுத்தால் ஒன்று, அண்ணாச்சி எடுத்தால் வேறு. ஊரிலிருந்து ஃபோன் வந்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுகிறவன் நான். இப்போது என் ஃபோனுக்காக அங்கே இரண்டு பேர் சர்ச்சுக்குப் போன உடையை மாற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

எண்ணை அழுத்திவிட்டேன். அவர்கள் வீட்டு முன்னறையில் மணி அடிப்பது கேட்கிறது. எடுத்துவிடக் கூடாதே என்று இருக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது.