பார்த்தேன் என்று சொன்னது

ஜெகதீஸ்வரியின் வேலை பார்ப்பது. தீவு நகரமான ஜார்ஜ்டவுனின் தெருக்களில் கம்பங்களின்மேல் இருக்கும் கேமராக்கள் அனுப்பும் படங்களை, குளிரூட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலைவரை பார்க்க வேண்டும். விபத்து, சண்டை, வெள்ளம், வழிமறித்து நிற்கும் கார் என்று ஏதாவது தெரிந்தால் உரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படங்களுக்குச் சத்தம் கிடையாது. சூலியா ஸ்திரீட்டில் ஒருவன் வாயைத் திறந்தால் அவன் திட்டுகிறானா, கொட்டாவி விடுகிறானா என்பதை அவனுடைய கைகளை வைத்துத்தான் ஊகிக்க முடியும்.

காரணமில்லாமல் யாருடைய முகத்தையும் கிட்டத்தில் கொண்டுவந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. ஜெகதீஸ்வரி அதை மதித்து நடந்தவர்தான். ஒரு நாள் சூலியா ஸ்திரீட்டை ஒட்டிய சந்து முனையில் தன் மகள் துளசி நிற்பதைப் பார்த்தார். அதற்குப் பிறகு மதிக்கவில்லை.

துளசி சாஹித்தைக் காதலித்து, அவன் மதத்துக்கு மாறித் திருமணம் செய்துகொண்டு போனவள். அப்பா பழனியப்பன், தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர், அன்றைக்கே அவளுடைய பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஜெகதீஸ்வரி எதிர்த்துப் பேசவில்லை. எல்லோரையும் கண்காணிக்கும் நாடுகளைப் பற்றிய கதைகளில் கண் எப்போதும் மேலே, அரசாங்கத்திடம் இருக்கிறது. அவர்கள் குடியிருந்த ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அந்தக் கண் பக்கத்து வீட்டு ஜன்னலிலும், கோயில் வரிசையிலும், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இருந்தது. மகளைப் போய்ப் பார்த்தால் அது தெரியாமல் போகாது என்று அவர் பயந்தார். அந்தப் பயத்துக்குக் கீழ்ப்படிந்தும் விட்டார். அவரை நல்ல தாய் என்று சொல்லிவிட முடியாது. கெட்ட தாய் என்பதும் சரியாக இருக்காது.

சாஹித் குடும்பத்தின் சாப்பாட்டுக் கடை அந்தச் சந்துக்குள் இருக்கிறது. மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முன் துளசி வெளியே வந்து சந்து முனைச் சுவரில் சாய்ந்து நிற்பாள். தேநீர் குடிப்பாள். சில நாள் கைப்பேசியில் யாரிடமோ சிரிப்பாள். ஒரு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். தோள் குலுங்கியதால்தான் அது அழுகை என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்தது. அந்த முனையில் எப்போதும் ஏதாவது ஒரு கார் தவறாக நிற்கும். அதன் எண்ணைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டு அவர் படத்தைக் கிட்டத்தில் கொண்டுவருவார்.

"அந்த மைவி கார மறுபடியும் புடிச்சிட்டீங்களாக்கா?" என்பாள் பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் காமாரியா. "பாவம் லா. அந்த ஆளு அபராத சம்மன எடுத்துக்கிட்டு, எந்த ஜென்மத்துப் பகைன்னு கேட்டு இங்க வந்து நிக்கப் போறான்."

காமாரியாவுக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் அவளுடைய நட்பு.

ஒரு நாள் துளசி வலது கையில் வெள்ளைக் கட்டுடன் வந்து நின்றாள். தேநீரை இடது கையால் குடித்தாள். என்ன ஆயிற்று என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுப்பில் சுட்டதா, விழுந்தாளா, யாராவது ஏதாவது செய்தார்களா? கட்டு நன்றாகத் தெரிந்தது. காரணம் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, யோசிக்காமல் ஜெகதீஸ்வரியின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"துளசியப் பார்த்தேன். கையில கட்டுப் போட்டிருக்கா."

பழனியப்பனின் கை தட்டில் அப்படியே நின்றது. கத்தப் போகிறார் என்றுதான் ஜெகதீஸ்வரி நினைத்தார்.

"என்ன ஆச்சாம்?" என்றார் பழனியப்பன்.

தமிழில் ஒருவரைப் பார்ப்பது என்றால் கண்ணால் காண்பது மட்டுமில்லை. போய், உட்கார்ந்து, பேசிவிட்டு வருவதும் அதே சொல்தான். மனைவி போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள் என்று பழனியப்பன் எடுத்துக்கொண்டார். அதைத் திருத்த வேண்டும் என்று ஜெகதீஸ்வரிக்குத் தோன்றியது. ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் இப்படி ஒரு கேள்வி வந்திருக்கும்போது அதை அணைக்க மனம் வரவில்லை.

"எண்ணெய் கொட்டிருச்சாம்."

"டாக்டர்கிட்ட போனாளாமா?"

"போனாளாம்."

"நல்லா சாப்புடுறாளா? இளைச்சிட்டாளா?"

"அப்படியேதான் இருக்கா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. சாப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிறிய பாட்டில் இருந்தது. புண் ஆறுவதற்கு இங்கே எல்லா வீட்டிலும் வைத்திருக்கும் காமாட் எண்ணெய்.

"லங்காவி சரக்கு. நாளைக்குப் பார்க்கறப்ப குடு. நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்." சற்று நின்று, "சொன்னாலும் பரவால்ல" என்றார்.

மறுநாள் பாட்டில் மேசைமேல், திரைக்குக் கீழே இருந்தது. திரையில் துளசி வந்து நின்றாள். இந்தப் பாட்டிலை அந்தக் கண்ணாடி வழியாகக் கொடுக்க முடியாது.

"அக்கா, போங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றாள் காமாரியா.

நடந்து போகும்போது ஜெகதீஸ்வரிக்கு ஒவ்வொரு கம்பமும் தெரிந்தது. எந்த இடத்தில் தன் உருவம் எந்தப் படத்திலிருந்து எந்தப் படத்துக்கு மாறுகிறது என்பதுகூடத் தெரிந்தது. சந்து முனைக்கு வந்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது. அங்கே வறுத்த மசாலா மணமும் மோட்டார்சைக்கிள் சத்தமும் இருந்தன. மகள் படத்தில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள்.

"மா" என்றாள் துளசி. கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"கை எப்படி இருக்கு?"

"கையா? பூனை கடிச்சிருச்சு. எங்க பூனைதான். ஊசி போட்டாச்சு."

"பூனையா? நீயா பூனை வளர்க்கறே?"

"அது பாட்டுக்கு வந்து மடியில படுத்துக்குது. என்ன செய்யச் சொல்றே?"

இருவரும் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரி பாட்டிலை நீட்டினார்.

"அப்பா குடுத்தாரு."

துளசி அதை வாங்கி, ஒட்டியிருந்த எழுத்துகளை நெடுநேரம் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "கையில அடின்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நான்தான் சொன்னேன். பார்த்தேன்."

"எங்க பார்த்தே?"

ஜெகதீஸ்வரியின் கண் தானாகக் கம்பத்தின் மேலே போனது. துளசியும் மேலே பார்த்தாள்.

"அதுலயா? எவ்ளோ நாளா?"

"மழை தொடங்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து."

"மழையே முடிஞ்சிருச்சேம்மா." துளசியின் குரல் தடித்தது. "மாமி மௌத்தானப்ப இந்தச் சுவரப் பார்த்து நின்னு அழுதேன். உள்ள எல்லாரும் இருந்தாங்க. எனக்குன்னு ஒரு ஆளு இல்ல. அதையும் பார்த்தியா?"

"ம்."

"பார்த்துட்டு என்ன செஞ்சே?"

பொய் சொல்லியிருக்கலாம். "கிட்டத்துல கொண்டாந்து பார்த்தேன்" என்றார் ஜெகதீஸ்வரி.

துளசி கோப்பையில் மீதியிருந்த தேநீரைக் கீழே கொட்டினாள். கடைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"கடைக்கு மேலதான் எங்க வீடு. வாசல்ல நின்னு கூப்ட்டா கேக்கும்மா. இனிமே நான் இந்த முனையில நிக்கமாட்டேன்." பாட்டிலை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அறைக்குத் திரும்பியதும் காமாரியா நாற்காலியைத் திருப்பினாள். "என்னக்கா, சிரிச்சீங்க, அப்புறம் சண்டை மாதிரி இருந்துச்சு. என்னதான் பேசினீங்க?"

"பார்த்தியா?"

"நான் பார்த்துக்கிறேன்னுதானே லா சொன்னேன். கிட்டக்க கொண்டுவரல. சத்தியமா."

அவள் நல்ல எண்ணத்தில்தான் பார்த்திருந்தாள். ஆனாலும் ஜெகதீஸ்வரிக்கு உடம்பு கூசியது. நல்ல எண்ணத்தோடுதானே தானும் இத்தனை நாள் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு ஆறுதலாக இல்லை.

வீட்டில் பழனியப்பன் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தார். "குடுத்தியா? என்ன சொன்னா?"

ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னார். நேற்றுச் சொன்னது பொய், நேற்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, கேமராவில் மட்டும் பார்த்தது என்று சொன்னார். பழனியப்பன் கோபப்படுவதற்கு நிறைய இருந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"குரல் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கட்டையா ஆயிருச்சு. கோவம் வந்தா இன்னும் அதே மாதிரிதான் இழுக்கறா."

"என்ன திட்டினா? அப்படியே சொல்லு."

ஜெகதீஸ்வரி சொன்னார். மழை முடிந்துவிட்டது என்று அவள் சொன்னது, மாமியின் சாவு, சுவர், எல்லாவற்றையும் மகளின் வார்த்தைகளிலேயே சொன்னார். பழனியப்பன் தலை குனிந்து கேட்டார். வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"அத இன்னொரு தடவ சொல்லு."

இன்னொரு முறை சொன்னார்.

"துளசின்னு கூப்பிடலாமா? இல்ல, அங்க வச்ச பேரச் சொல்லித்தான் கூப்பிடணுமா?"

ஜெகதீஸ்வரிக்குத் தெரியவில்லை. அதைக் கேட்காமல் வந்துவிட்டார்.