தினமும் அமாவாசை

எச்.ஐ.வி.க்கான மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பெரிய காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், கணவரின் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். என்னவருக்கு வந்த நோய் எனக்கு மட்டுமே தெரியும். வீட்டில் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஐப்பசி மழை. மாத்திரை வாங்கிக்கொண்டு நனைந்தபடி உள்ளே நுழைகிறேன், ஓடு ஒழுகிக்கொண்டிருக்கிறது. தறியில் நீட்டிக் கட்டிய பட்டு நூல் பாவின் மேல் சொட்டு, சொட்டு. கரையின் அரக்குச் சாயம் கரைந்து சந்தன நிறத்துக்குள் இறங்கிவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் பாயில் படுத்திருந்தார் அவர். தூங்கவில்லை. சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒழுவுறது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“ஒரு குண்டான வெச்சிருக்கக் கூடாதா?”

“வெக்கணும்னுதான் நெனைச்சேன்.”

அவ்வளவுதான். நினைப்புக்கும் கைக்கும் நடுவே ஏதோ ஓர் இழை அறுந்து கிடந்தது. காய்ச்சல் போய் உடம்பு தேறியிருந்தது. ஆள்தான் திரும்பி வரவில்லை. சொன்னால் குளிப்பார், கொடுத்தால் மாத்திரை போடுவார். சொல்லாவிட்டால், கொடுக்காவிட்டால், இல்லை. அழுகையில்லை, கோபமில்லை, பசிகூடக் கேட்டு வாங்காத பசி.

எங்கள் தெருவில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அவர் அண்ணன் அதை வைத்தே சொல்லால் அடித்தார். “ஊருக்கெல்லாம் மாசத்துக்கு ஒரு அமாவாச. உனக்கு மட்டும் தெனம் அமாவாசையாடா?” வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த பாவும் கெட்டால் வீட்டைக் காலி செய்யணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தேன்.

“இது சோம்பேறித்தனம் இல்லக்கா. இந்த நோயில சில பேருக்கு மூளைகூட இப்பிடி மந்தமாயிடும். எதையும் ஆரம்பிக்க முடியாம மாட்டிக்கினு இருக்காரு. நீங்க ஆரம்பிச்சு வைங்க. வீட்லயும் எடுத்துச் சொல்லுங்க.”

என்ன எடுத்துச் சொல்வது? சோம்பேறி இல்லை என்று சொன்னால், பின்னே என்ன என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் அன்றைக்கே தெருவில் நிற்போம். 

புதுப் பாவு ஏறியது. கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து ஊடுநூல் நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். நாடாவைத் தள்ளிவிட்டு, “மிதிங்க” என்றேன். அவர் கால் தறியின் மிதிகட்டையை மிதித்தது. மறுபடி தள்ளினேன். “மிதிங்க.” கொஞ்ச நேரத்தில் சொல்லாமலே மிதித்தார். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. “பொண்டாட்டி சொன்னாத்தான் இவனுக்குக் காலே ஆடுது” என்று தெரு சிரித்தது. அவருக்கு உறைக்கவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து எனக்கு உறைத்தது.

சேலை முடிந்தது, ஒரு கறை இல்லாமல். அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாத்தியாம்மா? வெறும் சோம்பேறித்தனம். வெரட்டினா நடக்குது.”

“ஆமாங்க” என்றேன்.

இன்றும் என்னவர் இருக்கிறார், மாத்திரை தவறவில்லை, நாங்கள் அதே வீட்டில்தான். ஒவ்வொரு காலையும் “எழுந்திருங்க” என்று சொல்ல வாயைத் திறக்கும்போது, அன்றைக்குச் சொன்ன அந்த ‘ஆமாங்க’தான் முதலில் நாக்கில் கசக்கிறது.