கோதண்டத்தின் பத்தாவது மனு

கோதண்டம் பொறாமைக்காரர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மண்ணூர்ப் பக்கம் அவரைத் தியாகி என்கிறார்கள். அந்தத் தியாகம் நடந்தபோது அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான்.

மண்ணூர் அருகே லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்கிற கம்பெனியில் 1991-ல் இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்தோம். கோதண்டம் ஒன்பது வருஷமாகச் சங்கச் செயலாளர். நான், பலராமன், துணைச் செயலாளர். அதாவது, அவர் மனு எழுதும்போது கார்பன் பேப்பர் நகராமல் பிடித்துக்கொள்கிறவன்.

மனுவில் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஆபீசர்களுக்கு மெத்தை நாற்காலி, பீங்கான் தட்டு, மின்விசிறியோடு சாப்பாட்டு ஹால். எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, அலுமினியத் தட்டு. எல்லாருக்கும் ஒரே கேன்டீன் வேண்டும் என்று வருஷத்துக்கு ஒரு மனு கொடுப்பார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அந்தப் பதிலையும் பத்திரமாக ஃபைலில் வைப்பார்.

நாற்பது வயதில் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். கடைசி வருஷத்தில் அமெரிக்க வரலாறு ஒரு பேப்பர். டீ பிரேக்கில் எங்களுக்கும் பாடம் நடக்கும். அவருக்கு ரொம்பப் பிடித்த பாடம் ஜாக்ஸன் ஜனாதிபதியான கதை.

"மொத ஆறு பேரும் பெரிய வூட்டு ஆளுங்கப்பா. ஏழாவதா வந்தவன் அப்பன் இல்லாம வளந்தவன். அவன் பதவியேத்துக்கின அன்னிக்கு ஜனங்க வெள்ளை மாளிகைக்குள்ள பூந்துட்டாங்க. சேத்துக் காலோட பட்டுச் சேர் மேல ஏறி நின்னாங்க. பீங்கான் சாமான்லாம் தூளு! வயிறு எரிஞ்சது யாருக்குன்னு நெனைக்கிற? பரம்பரையா நாற்காலியில குந்திக்கினு இருந்தவங்களுக்கு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவரே சேற்றுக் காலோடு உள்ளே போய் வந்த மாதிரி இருக்கும்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வசந்தகுமாரும் ஒருவன். வல்லத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன், ஃபர்னஸ் உலையில் வேலை, வேலை நிரந்தரமாகி இரண்டு வருஷம். கோதண்டம் கூட்டத்தில் தீர்மானம் வாசித்தால் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். இவன் எழுந்து இரண்டு நிமிஷம் பேசினால் விசில் பறக்கும்.

"இன்னா சொன்னான்னு கேளு, ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா கை மட்டும் தட்றானுங்க" என்று கோதண்டம் என்னிடம் புகைவார். அவர் மனைவி தாயாரம்மாள் ஒருமுறை, "அந்தப் புள்ள நல்லாப் பேசுதே" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மனுஷன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். நவம்பர் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு வசந்தகுமார் நிற்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டார். 'ஃபர்னஸ்காரன்' என்றுதான் சொல்வார்.

அக்டோபரில் ஒரு நாள் அடை மழை. கொட்டகைக் கூரை ஒழுகித் தட்டுகளில் சாம்பாரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. வசந்தகுமார் பெஞ்சின் மேல் ஏறினான்.

"கோதண்டண்ணா சொன்னாரே, அமெரிக்காவுல சேத்துக் காலோட போனாங்கன்னு! நமக்கும் சேறு கீது, காலு கீது. இன்னாத்துக்கு இங்க நனஞ்சிகினு? வாங்கடா!"

நூறு பேர் தட்டோடு ஆபீசர் ஹாலுக்குள் போனோம். நானும் போனேன். மெத்தை நாற்காலி சும்மா சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. மேனேஜர்கள் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

அந்த நேரத்தில் கோதண்டம் எங்கே இருந்தார் என்கிறீர்களா? பெர்சனல் மேனேஜர் அறையில் பத்தாவது மனுவைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே கூரை வேலைக்கு ஆள் வந்துவிட்டது. ஒன்றாந்தேதியிலிருந்து எல்லாருக்கும் ஒரே கேன்டீன் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வசந்தகுமாரைத் தோளில் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு வரை போனார்கள். கோதண்டம் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கடுகு போட்டால் வெடிக்கும், அப்படி இருந்தது முகம்.

"ஜாக்ஸன்கிட்ட தோத்துப்போனான் பாரு அந்தப் பழைய ஜனாதிபதி, அவன் பாவம் பலராமா. நல்லாப் படிச்சவன். புதுசா வந்தவன் பதவியேத்துக்கிறதப் பாக்கப் புடிக்காம ஊர வுட்டே போய்ட்டான்."

"போன வாரம் வேற மாதிரி சொன்னியேண்ணா?"

"போன வாரம் அரைகுறையாப் படிச்சிருந்தேன்."

அடுத்த நாள் பெர்சனல் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கேன்டீன் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ஒருவனையாவது பலி வாங்காமல் விட மனசில்லை. டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். 'ஹாலுக்குள் நுழையும் இந்தப் போராட்டத்தைத் தனியாகத் திட்டமிட்டு நடத்தியவர்' என்று இருந்தது. அதற்குப் பிறகு காலி இடம்.

"பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க, கோதண்டம். ஆளை வெளியே அனுப்பிடறோம். வர்ற எலெக்‌ஷன்ல உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

கோதண்டம் பேனாவைத் திறந்தார். எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிஷம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது ரெக்கார்டுல இருக்குமா?"

"கண்டிப்பா."

"எத்தினி வருஷம்?"

"கம்பெனி இருக்கிற வரைக்கும்."

காலி இடத்தில் குண்டு குண்டாகத் தன் பெயரை எழுதினார். மேனேஜருக்குக் கண்ணாடி நழுவியது.

"நீங்க அப்போ என் ரூம்லதானே இருந்தீங்க?"

"அதான் சார் பிளானு. உங்கள இங்க உக்கார வெச்சிட்டு அவங்கள அங்க அனுப்புனேன். சேத்துக் கால் ஐடியாவே என்னுது. யார வேணா கேட்டுப் பாருங்க."

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார். "ஒம்போது வருசம் நான் எழுதுனேன். அந்த ஃபர்னஸ்காரன் பேர என் கையாலயே சரித்திரத்துல எழுதச் சொல்றான், பாத்தியா?"

அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள். செய்தி பரவியதும் வசந்தகுமார் கம்பெனி கேட்டுக்கு ஓடிவந்து எல்லார் முன்னாலும் அவர் காலில் விழுந்தான். "எனக்காக வேலையக் குடுத்துட்டியேண்ணா!" என்று அழுதான். அப்போது பிறந்ததுதான் தியாகிப் பட்டம். கோதண்டம் மறுக்கவில்லை. உண்மையை எப்படிச் சொல்வது?

நவம்பர் தேர்தல் கேட்டுக்கு வெளியே நடந்தது. வசந்தகுமார் லாரி டயர் மேல் ஏறி நின்றான்.

"நான் நிக்கல. சஸ்பெண்டானா இன்னா? கோதண்டண்ணாதான் செயலாளர். சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க!" என்று சொல்லித் தன் கையைத் தூக்கினான். இருநூறு கைகளும் எழுந்தன. அதுவரைக்கும் நாலைந்து பேர் போட்டியில் ஜெயித்துவந்த கோதண்டத்துக்கு அறுபது ஓட்டுக்கு மேல் விழுந்ததில்லை.

கழுத்து மாலையோடு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தாயாரம்மாள் திருஷ்டி சுற்றி, சந்தோஷத்தில் அடுப்படிக்கு ஓடினார். கோதண்டம் மாலையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

"பலராமா, பொய் சொல்லாம சொல்லு. நீ எப்ப கை தூக்குன? அவன் தூக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஒன்பது வருஷம் அவருக்குக் கார்பன் பேப்பர் பிடித்தவன் நான்.

"பின்னாடிதாண்ணா" என்றேன்.