மீந்த எண்ணெயும் முறைத் தண்ணீரும்

எங்கள் கப்பலின் தலைமைப் பொறியாளர் டெரிக், காலையில் தேநீரைக் கையில் எடுத்ததும் கைபேசியில் பார்ப்பது புகையின் விலையை. நம் ஊரில் பவுன் இன்றைக்கு என்ன விலை என்று பார்ப்பதுபோலத்தான். ஏறியிருந்தால் உதட்டைப் பிதுக்குவார். இறங்கியிருந்தால் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்வார். முதலில் எனக்கு இது விளையாட்டாக இருந்தது. காற்றோடு போய்விடும் புகைக்கு விலை என்று வேதாரண்யம் கடைத்தெருவில் யாரிடமாவது சொன்னால், காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

விஷயம் இதுதான். நாடு முழுவதும் சேர்த்து இவ்வளவு கரியமில வாயுதான் வெளியே போகலாம் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் அனுமதிகளைப் பிரித்து விடுகிறது. எவ்வளவு புகை விடுகிறோமோ அவ்வளவுக்கு அனுமதி கையில் இருக்க வேண்டும். பற்றாதவர்கள் சந்தையில் வாங்குகிறார்கள், மீந்தவர்கள் விற்கிறார்கள். மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் இருந்த இந்த ஏற்பாட்டை, உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே ஓடும் பெரிய கப்பல்களுக்கும் இப்போது நீட்டித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் மேற்குக் கரையிலிருந்து வட அயர்லாந்துக்கு லாரிகளை ஏற்றிப்போய் ஏற்றிவரும் எங்கள் கப்பலும் அதில் சேர்த்தி.

நான் இதில் இரண்டாம் பொறியாளர். முன்பு தேசம் தேசமாகப் போகும் எண்ணெய்க் கப்பல்களில் இருந்தேன். ஏறினால் பல மாதம் கழித்துத்தான் இறங்குவேன். அப்படி இறங்கி வந்த ஒரு நாள், என் மகள் யாழினி என்னைப் பார்த்ததும் அவள் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். “அப்பா வந்திருக்காங்கடி, வா” என்று கலா எவ்வளவு இழுத்தும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது; நான் அதை மறைக்கவும் இல்லை. அதன் பிறகுதான் சம்பளம் குறைந்தாலும் போகிறது என்று இந்த வேலைக்கு மாறினேன். குடும்பத்தையும் இங்கிலாந்துக்கே அழைத்துவந்துவிட்டேன். ஒரு வாரம் கப்பல், ஒரு வாரம் வீடு. இப்போதெல்லாம் பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டதும் யாழினி பையைத் தூக்கி என் மேல் எறிந்துவிட்டு ஓடுகிறாள்.

எங்கள் கம்பெனிக்கு இந்த வழியில் இரண்டு கப்பல்கள். மற்றது புதியது. எங்களுடையது பழையது, எண்ணெய் குடிப்பதில் பெரிய ஆள். புது விதி வந்ததும் அலுவலகத்திலிருந்து ஹெலன் என்பவர் வந்து எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். இனிமேல் ஒவ்வொரு கப்பலுக்கும் மாதத்துக்கு இவ்வளவு எண்ணெய் என்று பங்கு உண்டு. பழைய கப்பல் அதற்குள் அடங்கினால் ஓடும். அடங்காவிட்டால் ஆண்டு முடிவில் இந்த வழியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்தால் எனக்கு மறுபடியும் எண்ணெய்க் கப்பல்தான் கதி. வீட்டுக்கு வந்து சொன்னபோது கலா அடுப்பைப் பார்த்தபடியே, “எப்படியாவது அடக்கிடுங்க” என்றாள்.

அடக்கினோம். தேவையில்லாத விளக்கு, தேவையில்லாத சூடு, எல்லாவற்றையும் குறைத்தோம். மாதக் கடைசி வாரத்தில் பார்த்தால் எங்கள் பங்கில் நன்றாகவே மீதி இருந்தது. அப்போது டெரிக் விடுப்பில் இருந்ததால் பொறுப்பு என்னுடையது. நான் நேரே கேப்டனிடம் போய், எண்ணெய் மீதி இருக்கிறது, முழு வேகத்தில் போகலாம் என்றேன். காற்றினால் தாமதமாகித் திட்டு வாங்கிக்கொண்டிருந்த அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மாதம் முடிவதற்குள் மீதி அத்தனையையும் எரித்துத் தீர்த்தோம். லாரி டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். நானும் நமக்கு வந்த பங்கைச் சொட்டு விடாமல் எடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

இதை ஏன் செய்தேன் என்று கடைமடையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் டெல்டாவில் முறை வைப்பார்கள். சில நாள் இந்த ஆற்றுக்கு, சில நாள் அந்த ஆற்றுக்கு. எங்கள் நிலம் வேதாரண்யத்துக்கு மேற்கே, ஆறு கடலைத் தொடப்போகிற இடத்தில் இருக்கிறது. மேலே உள்ளவர்கள் எடுத்ததுபோக மிச்சம் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி முறை முடிந்திருக்கும். வந்ததை வரப்பு தளும்ப வயலில் ஏற்றிவிட வேண்டும். பயிருக்கு இன்றைக்கு அவ்வளவு வேண்டுமா என்ற கேள்வியே கிடையாது. மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் வந்து அதை இறக்கிவிட்டால் அதோடு சரி. போன முறை கொஞ்சமாகத்தான் எடுத்தேன், அதை இப்போது கொடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? நான் கல்லூரியில் படித்த காலத்தில், அண்ணன் முருகையன் காய்ச்சலோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாளைக்குப் போகக் கூடாதா என்று தடுத்தேன். “நாளைக்கு அது தண்ணி இல்லடா, கடலு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே ஹெலன் போனில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“மீதி எண்ணெயை ஏன் எரித்தீர்கள்?”

“எங்கள் பங்குதானே?”

“ஆமாம், உங்களுடையதுதான். அதனால்தான் கேட்கிறேன்.”

“மாதம் முடிந்தால் போய்விடுமே.”

“எங்கே போகும்?”

எரிக்காத எண்ணெய்க்கு உரிய அனுமதி அப்படியே இருக்கும், அடுத்த மாதத்தில் சேர்ந்துகொள்ளும் என்று அவர் விளக்கினார். நான் எங்கள் ஊர் முறையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எடுக்காத தண்ணீர் யாருக்குப் போகும் என்றார். கடலுக்கு என்றேன். “பரவாயில்லையே, இயற்கைக்கே திரும்பிவிடுகிறதே!” என்றார் சந்தோஷமாக. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கருகிய பயிரின் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், அந்த மீதி இருந்திருந்தால் குளிர்காலப் புயல் மாதங்களுக்கு உதவியிருக்கும், இனி உங்கள் கப்பலுக்குச் சிரமம்தான் என்றார். அன்றைக்கு யாழினி பேசியது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

ஊரிலிருக்கும் அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்தார்.

“இதுல என்னடா தப்பு? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்.”

“இங்க மிச்சம் வச்சா வீணாப் போகாதாம்ண்ணே. வேணும்னா வித்துக்கலாமாம்.”

“வாங்குறது யாரு?”

“அதிகமாப் புகை விடுறவங்க.”

“அப்ப தலைமடைக்காரன் காசக் குடுத்துட்டு நம்ம முறையையும் எடுத்துக்குவான். நல்லாருக்குடா உங்க ஊரு நியாயம்.”

“மொத்தப் புகை ஏறாதுல்லண்ணே. வரம்பைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க.”

“சரி சரி. நம்ம டீசல் எஞ்சினை இப்பவே நிறுத்திடறேன். அதுக்கு யாரு காசு குடுக்குறான்னு கேட்டுச் சொல்லு.”

அவர் கேலியை விட்டுவிட்டாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் ஊரில் முறையைத் தவறவிட்டவர்கள் உண்டு, விற்றவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் கடல் ஏறினால் முதலில் உப்புப் பூக்கப்போவது எங்கள் வயல்தான். அதனால் இந்த விதியைப் பழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

விடுப்பு முடிந்து வந்த டெரிக் திட்டவில்லை. என் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, “உங்கள் ஊரில் தண்ணீருக்குத் தினசரி விலை உண்டா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கொடுத்துவைத்தவர்கள்” என்றார். பிறகு இருவரும் சேர்ந்து கப்பலை மெதுவாக ஓடப் பழக்கினோம். கேப்டன் புறப்படும் நேரத்தைச் சற்று முன்கூட்டியே வைத்துக்கொண்டார். துறைமுகத்தில் நிற்கும்போது ஒரு ஜெனரேட்டரை நிறுத்தினோம். லாரி டிரைவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் மீதியைப் பார்க்கும்போதெல்லாம் அதை எரித்துவிட என் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். ஆண்டு முடிவில் ஹெலன், அடுத்த ஆண்டும் இந்தக் கப்பல் ஓடட்டும், ஆனால் இதே வேகத்தில்தான் என்றார். அன்றைக்குக் கலா கேசரி கிண்டினாள்.

போன வாரம் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்திருந்தோம். வேகத்தைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து தகவல் வந்தது. நான் கட்டுப்பாட்டு அறையில் நெம்புகோலில் கை வைத்த நேரம், அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். திரை முழுக்க வாய்க்கால். கலங்கலாகத் தண்ணீர் ஓடிவந்துகொண்டிருந்தது.

“வந்துருச்சுடா! கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்குச் சரியா வந்துருச்சு. எவ்வளவு ஏத்தட்டும் சொல்லு. நீதான் மிச்சம் பிடிக்கிற ஆளாச்சே.”

“விளையாடாதீங்கண்ணே! முழுசாத் திறந்து விடுங்க. வரப்பு தளும்பட்டும். ஒரு சொட்டு விட்டுறாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

டெரிக் பதறி எழுந்தார். “என்ன, தீயா?”

“இல்லை, தண்ணீர்” என்றேன். கப்பலில் அதைச் சொல்லக் கூடாது. அவர் முகம் இன்னும் வெளுத்துவிட்டது. “இங்கே இல்லை, எங்கள் வயலில்” என்று போனைக் காட்டினேன். என் இடது கையில் வயல் நிரம்பிக்கொண்டிருந்தது. வலது கை எஞ்சினை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருந்தது.