சங்ககிரியின் மூன்றாம் வாசல்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். அப்பா சாட்டையால் அடிப்பார், நான் கையில் கிடைப்பதால் அடிப்பேன், தம்பி வாங்கிக்கொள்வான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. அங்கேயும் சுத்தியலை ஓங்கி இரண்டு பேரை ஓடவிட்டவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை.

இந்தக் கை ஒழுங்காகச் செய்தது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் செங்கல்லில் சங்ககிரிக் கோட்டையைக் கட்டினேன். பெட்டியோடு வரும் படத்தைப் பார்த்துக் கட்டியதல்ல. ஞாயிறுதோறும் மலையேறி, வாசல் வாசலாக அளந்து, நானே வரைந்து கட்டியது. டேப்பின் மறுமுனையைத் தம்பிதான் பிடிப்பான். மூன்றாம் வாசலில் கால் வழுக்கி டேப்பை விட்டுவிட்டான். விழுந்தவனைத் தூக்குவதற்கு முன் ஓர் அறை விட்டேன்.

முடித்த கோட்டையை வைக்க வீட்டில் இடமில்லை. கழற்றி முட்டை அட்டைகளில் அடுக்கினேன். எங்கள் பக்கம் அதற்கா பஞ்சம்? ஒரு குழிக்கு ஓர் அளவுச் செங்கல். கைக்குள் அடங்குகிற வாசல் முகப்புகளை மட்டும் கழற்ற மனம் வராமல் அப்படியே மேலடுக்கில் வைத்தேன். அதன்மேல் காலி அட்டை ஒன்றைக் கவிழ்த்து, சணல் கயிறு போட்டுக் கட்டி, தம்பியின் கோழிப்பண்ணைச் சாளையில், அந்த ஓட்டுக் கொட்டகையின் பரணில் ஏற்றினேன். என் சாமான் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேனே தவிர, எதற்குள் என்று சொல்லவில்லை. பார்ப்பவருக்கு அது காலி அட்டைக் கட்டுதான். அந்த அறிவு எனக்கு அப்போது வரவில்லை.

பக்கத்துப் பண்ணையில் நோய் விழுந்து கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நோய் என்றால் பழைய அட்டைகளைக் கொளுத்திவிடுவார்கள். தம்பியும் கொளுத்தினான். மழைக்கு ஓடு ஒழுகி அட்டைகள் நனைந்து கிடந்ததால், கட்டின் கனத்தை ஈரக் கனம் என்று நினைத்துவிட்டான்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குத் தம்பியின் பண்ணைக்குப் போனேன். கரும்புகை, பிளாஸ்டிக் நாற்றம். நெருப்புக்குள் என் கோட்டை கூழாகக் கொதித்தது. தம்பி வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, சொல்றதக் கேளுங்ணா..."

கேட்கவில்லை. மண்வெட்டிக் காம்பு ஒன்று கிடந்தது. முதல் அடி தோளில். அடுத்தது முழங்காலில், விழுந்தான். மூன்றாவதைத் தலைக்குத்தான் ஓங்கினேன், பொய் சொல்லவில்லை. அப்போதுதான் வலது கையைத் தூக்கி மறித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அது எனக்கு இனித்தது. மறுபடி ஓங்கியபோது அம்மா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டார்.

"உட்டுர்றா சாமி, செத்துப்போயிருவான்!"

திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில், மூடியே இருந்த அந்தக் கையின் விரல்களை நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கை முழுக்க வெந்து தோல் உரிந்திருந்தது. நடுவில், சதையோடு ஒட்டி, பாதி உருகிய வாசல் முகப்பு.

நாற்றம் வந்ததுமே எரிகிற கட்டுக்குள் கையை விட்டிருக்கிறான். நான் அங்கே போவதற்கு முன்பே.

அவன் முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் வெளியே நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டான். திட்டட்டும் என்று நின்றேன்.

"மூணாவது வாசலுங்ணா," என்றான். "அது மட்டுந்தான் கெடச்சுது."