தேசப்பன் முறுக்கிய நட்டு

"நான் ஒரு தபா முறுக்கின நட்டுல மறுபடியும் ஸ்பேனர் வெச்சதா சரித்திரமே கெடையாது!"

புதுப்பட்டினம் டீக்கடையில் மெக்கானிக் தேசப்பன் இப்படி அறிவித்தபோது யாரும் மறுக்கவில்லை. மறுத்துவிட்டு, நாளைக்குப் படகு இஞ்சின் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது?

படகு உலகில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எல்லா நட்டையும் கரையிலேயே இறுக்கிவிட வேண்டும். கடலுக்குள் போய் ஸ்பேனர் தேடுகிறவனை மீன்கூட மதிக்காது. இந்தச் சட்டத்தோடுதான் ஜாய்ஸ் டீச்சரின் பழைய பத்மினி காரிலும் தேசப்பன் கை வைத்தார். பெயின்ட், சீட்டு எல்லாம் முடிந்து, முன் சக்கரங்களுக்குப் புது ஸ்பிரிங்கும், இரும்போடு இரும்பு உரசாமல் நடுவே நிற்கும் ரப்பர் புஷ்ஷும் பூட்டுவதுதான் பாக்கி. அந்தப் புஷ்ஷுக்காக டீச்சர் மாதக்கணக்கில் அலைந்திருந்தார். இது போனால் இன்னொரு செட் கிடைப்பது சந்தேகம்.

தேசப்பன் தன் பட்டறையில் காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்தார். எல்லாவற்றையும் பூட்டி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே பல்லைக் கடித்து இறுக்கினார். கற்பூரம் காட்டிக் கீழே இறக்கினார்.

கார் இறங்கியது, உட்காரவில்லை. அலையில் ஏறும் படகுபோல மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னா தேசப்பன், வானத்தப் பாத்துகினு நிக்குது?" என்றார் பார்க்க வந்த டீச்சர்.

"புதுப் பொண்ணு மாதிரி டீச்சர். கொஞ்சம் கூச்சம்."

"புதுப் பொண்ணு தலைய குனியுமா, தூக்குமா?" என்று மீன் கூடையோடு வந்த தேசப்பனின் மனைவி பூவாயி கேட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

தேசப்பன் காருக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கி டார்ச் அடித்தார். புது ரப்பர், பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுகிக் கிடந்தது. அப்போதுதான் விளங்கியது. படகின் சட்டம் காருக்குச் செல்லாது. கார் தரையில் நின்று, தன் கனத்தில் உட்கார்ந்த பிறகுதான் இந்த நட்டுகளுக்குக் கடைசி முறுக்கு. இப்படியே விட்டால் ரப்பர் முறுகி முறுகி, மழைக்காலம் தாண்டுவதற்குள் கிழிந்துவிடும்.

டீச்சருக்குத் தெரியப்போவதில்லை. பழியை ஏற்க ரோட்டுப் பள்ளங்கள் எப்போதும் தயார். சரித்திரத்துக்கும் சேதமில்லை. குழிக்குள் நின்றபடியே தேசப்பன் ஒரு பீடியை முழுதாகப் புகைத்து முடித்தார்.

"பூவாயி, வந்து வண்டில குந்து."

"எங்க இட்டுகினு போற?"

"எங்கயும் இல்ல. கனம் வோணும்."

"அதுக்குத்தான் என்ன கட்டிகினியா?"

"சீட்டு புதுசு. கூடைய கீழ வெச்சிட்டு ஏறு."

அவள் ஏறி மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். தேசப்பன் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். மறுபடி குழிக்குள் இறங்கி, முதல் நட்டில் ஸ்பேனரை வைத்துத் தளர்த்தினார். கார் பெருமூச்சு விட்டதுபோல லேசாகத் தாழ்ந்தது.

"யோவ், இன்னா சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. ஆடாம குந்து" என்றபடி அடுத்த நட்டுக்கு நகர்ந்தார்.